அப்பாவின் சர்க்கரை நோயும் இணையத் தகவல்களும்: எதை ஏற்பது, எதை விடுவது?

காவிரிக்கரை கேட்டது:

வணக்கம். என் அப்பாவுக்கு வயது 66. கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் அவருக்குப் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையிலும் இரவிலும் எடுத்துக்கொள்கிறார். இரத்த அழுத்தத்துக்கு வேறொரு மாத்திரையும் உண்டு. கடைசியாகப் பார்த்தபோது மூன்று மாதச் சராசரி, அதாவது எச்பிஏ1சி, 8.4 சதவீதம்.

ஓய்வுக்குப் பிறகு அவர் தம் நோயைப் பற்றி இணையத்தில் தேடிப் படிக்கத் தொடங்கினார். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. பேரேடு எழுதிய பழக்கத்தில், ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் காணொளிகளில் கேட்டவற்றையும் வலப்பக்கம் சுகர் மெஷின் காட்டிய எண்களையும் எழுதிவைக்கிறார்; 180-ஐத் தாண்டிய எண்களுக்குச் சிவப்பு மை. அந்தச் சிவப்பு மை நோட்டில் அபூர்வம். வெறுங்காலோடு வாசலுக்குக்கூடப் போகக் கூடாது என்பதையும், ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்பதையும் அவர் இணையத்தில்தான் தெரிந்துகொண்டார். எந்த மருத்துவரும் அவருக்கு அவ்வளவு விரிவாகச் சொன்னதில்லை. வரிசையில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தால் சொல்வதற்கு அவர்களுக்கு நேரமும் இருக்காது.

ஆனால் அதே நோட்டில் வேறு சிலவும் இருக்கின்றன. மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும் என்று ஒரு காணொளியில் கேட்டதிலிருந்து, இரவு மாத்திரையை அவ்வப்போது விட்டுவிடுகிறார். சர்க்கரைதான் ஆகாது, கருப்பட்டி ஆகும் என்று காபியில் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார். காலையில் ஆவாரம்பூக் கஷாயம் உண்டு. ‘சர்க்கரை நோயை வேரோடு நீக்கும்’ என்று விளம்பரம் செய்யப்படும் ஒரு பொடியை வாங்கலாமா என்றும் யோசித்துக்கொண்டிருக்கிறார். வெறும் வயிற்றில் 100-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும் என்கிறது ஒரு தளம். 130 வரை பரவாயில்லை என்கிறது இன்னொன்று. இரண்டையும் எழுதிவைத்துவிட்டு எதை நம்புவது என்று என்னைக் கேட்கிறார்.

மருத்துவரிடம் அந்த நோட்டை நீட்டியபோது, ‘நெட்டைப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் கேள்வி கேட்காதீர்கள்’ என்று மூடிக் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து அப்பா மருத்துவரிடம் எதையுமே சொல்வதில்லை. மாத்திரையை விடுவதையும் சொல்லவில்லை, கஷாயத்தையும் சொல்லவில்லை. தப்பான தகவலைவிட இந்த மறைப்புதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. செல்பேசியைப் பிடுங்கிவைக்கிற வயதும் அவருக்கில்லை, எனக்கும் அது முறையில்லை. எதை அவரே நம்பிச் செய்யலாம், எதைத் தொடக் கூடாது என்று பிரித்துப் பார்க்க ஏதேனும் வழி உண்டா?

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

உங்கள் அப்பா தேடுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள், அம்மா. மருத்துவர் ஆண்டில் நான்கு முறை பார்ப்பார். மற்ற நாள்களிலெல்லாம் எதைச் சாப்பிடுவது, எப்போது நடப்பது, காலில் கொப்புளம் வந்தால் என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் நோயாளிதான். அதற்குத் தகவல் வேண்டாமா? தகவல் கொடுக்க வேண்டிய நாங்கள் கொடுக்காத இடத்தில்தான் செல்பேசி வந்து உட்கார்ந்திருக்கிறது.

வார்டில் வேலை பார்த்த காலத்தில், யாராவது ‘அங்கே படித்தேன், இங்கே கேட்டேன்’ என்று வந்தால் நான் முதலில் கேட்பது இதுதான்: அந்தத் தகவல் உங்களைத் தட்டில் கைவைக்கச் சொல்கிறதா, மாத்திரை டப்பாவில் கைவைக்கச் சொல்கிறதா? சோற்றைக் குறைத்துக் காய்கறியைக் கூட்டுவது, சாப்பிட்ட பிறகு கொஞ்சம் நடப்பது, இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்ப்பது போன்றவற்றை உங்கள் அப்பா செய்துபார்க்கலாம். மாத்திரையைக் கூட்டு, குறை, நிறுத்து, மாற்று என்று சொல்கிற எதையும், சொல்பவர் வெள்ளைக் கோட்டோடு காணொளியில் உட்கார்ந்திருந்தாலும், அவரைப் பார்க்கிற மருத்துவரிடம் கேட்காமல் செய்யக் கூடாது. காணொளியில் பேசுகிறவருக்கு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் உங்கள் அப்பாவின் இரத்தத்தில் எவ்வளவு என்று தெரியாது.

சிறுநீரகத்தைப் பற்றிய பயத்துக்கு விரிவாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு புரளியால் மாத்திரையை விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அந்த மருந்து சிறுநீரகத்தின் வழியாக வெளியேறுகிறது; அதனால் சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கும் என்று மருத்துவர்கள் அளவைக் குறைக்கிறார்கள். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற அளவு 45-க்குக் கீழே போனால் குறைப்பதும், 30-க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவதும் வழக்கம். சிறுநீரகம் கெட்ட பிறகு மருந்து நிறுத்தப்படுவதைப் பார்த்தவர்கள், மருந்தால்தான் கெட்டது என்று காரணத்தைத் தலைகீழாக்கிவிட்டார்கள். உண்மையில் சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்படாத சர்க்கரையும் இரத்த அழுத்தமும்தான். இங்கிலாந்தில் இருபது ஆண்டுகள் நடந்து 1998-இல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், உடல் பருமன் உள்ளவர்களுக்கு மெட்ஃபார்மின் கொடுத்தபோது மாரடைப்பு குறைந்ததாகவே கண்டார்கள்.

அந்த மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்றும் நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு வயிற்றுப்போக்கும் குமட்டலும் வரும். அவர்களுக்கு மெல்லக் கரையும் வகையை மாற்றிக் கொடுப்பார்கள். பல ஆண்டுகள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம். பதினான்கு ஆண்டுகள் ஆகிவிட்டதால் பி12 அளவைப் பார்க்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கால் மதமதப்பு இருந்தால் அது நோயாலும் வரலாம், பி12 குறைவாலும் வரலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு. பயமுறுத்தும் காணொளிகள் இதைச் சொல்வதே இல்லை.

ஆண்டுக்கு ஒருமுறை கிரியேட்டினினும், சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற பரிசோதனையும் எடுத்துவிட்டால், சிறுநீரகம் எப்படியிருக்கிறது என்பதற்குக் காணொளி தேவைப்படாது.

ஒளிவுமறைவில்லாதவன் எழுதியது:

என் கருத்து வேறு. சர்க்கரை நோயாளிகள் இணையத்தின் பக்கமே போகக் கூடாது என்பேன். நூற்றில் பத்து நல்ல தகவல் இருக்கலாம், ஆனால் அந்தப் பத்தைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்கு இணையமே தேவையில்லை. மருத்துவர் சொன்னதைச் செய்தால் போதும். எங்கள் தெருவில் ஒருவர் காணொளியைப் பார்த்து இன்சுலினை நிறுத்தி, ஒரே வாரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்.

சோற்றுக்கணக்கு எழுதியது:

மேலே எழுதிய நண்பரின் ஆத்திரம் எனக்குப் புரிகிறது. இன்சுலினை நிறுத்தச் சொல்வது, அதிலும் முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவரை நிறுத்தச் சொல்வது, கொலைக்குச் சமம். சில நாள்களிலேயே இரத்தத்தில் அமிலம் ஏறி உயிர் போய்விடும். ஆனால் அதற்காகச் செல்பேசியையே விலக்கு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் ஊரிலேயே அதற்கு எதிரான சான்று இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த மருத்துவர் அ. ராமச்சந்திரனின் குழு, சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் உணவு, நடைப்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகளைச் செல்பேசியில் தொடர்ந்து அனுப்பியது. இரண்டு ஆண்டு முடிவில், செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நோய் வந்திருந்தது. 2013-இல் வெளியான முடிவு அது. செய்தி யாரிடமிருந்து வருகிறது, என்ன செய்யச் சொல்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எனக்கும் இரண்டாம் வகைதான். உணவைப் பற்றி இணையத்தில் கிடைக்கும் தகவலைப் பொறுத்தவரை நான் யாரையும் நம்புவதில்லை, மெஷினை மட்டும் நம்புகிறேன். ஒரு உணவு எனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்க, முதல் வாய் வைப்பதற்கு முன்பு ஒருமுறையும், அங்கிருந்து கணக்கிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறையும் பார்ப்பேன். இரண்டு எண்ணுக்கும் உள்ள இடைவெளிதான் அந்த உணவின் குணம். ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது.

இப்படிப் பார்த்ததில் இணையத்தின் பல வேதவாக்குகள் என் தட்டில் நிற்கவில்லை. சிறுதானியம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம் என்கிறார்கள். நைசாக அரைத்த ராகி மாவைக் கரைத்துக் காய்ச்சிய கஞ்சி எனக்கு வெள்ளைச் சோற்றைவிட வேகமாக ஏற்றியது. சாமைச் சோற்றை அளவாக எடுத்து, கூடவே ஒரு கிண்ணம் கீரைக்கூட்டும் சுண்டலும் சாப்பிட்டபோது அவ்வளவு ஏறவில்லை. இரவில் சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்பது இன்னொன்று. நாலு சப்பாத்தியும் உருளைக்கிழங்குக் குருமாவும் சாப்பிட்டுவிட்டு, சோற்றை விட்டுவிட்டேன் என்று மகிழ்வதில் பொருளில்லை. கோதுமையிலும் மாவுச்சத்து கிட்டத்தட்ட அதே அளவுதான். கருப்பட்டியில் தாது உப்புகள் கொஞ்சம் இருக்கலாம், ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். உங்கள் அப்பாவிடம் வாதாட வேண்டாம். ஒருநாள் கருப்பட்டிக் காபிக்கு முன்னும் பின்னும் அவரையே பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். பேரேடு எழுதியவர், எண்ணுக்குக் கட்டுப்படுவார்.

நோயை ‘ரிவர்ஸ்’ செய்கிறோம், அதாவது பின்வாங்க வைக்கிறோம் என்று பணம் வாங்குகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்கள் காட்டும் அடிப்படை முழுப் பொய்யல்ல. 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நாளொன்றுக்கு சுமார் 850 கலோரிக்கு மேல் போகாத சூப்பும் பானமும் மட்டும் மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்து எடையைக் குறைத்தபோது, 46 சதவீதத்தினர் ஓராண்டு முடிவில் மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி 6.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது 36 சதவீதம் ஆனது. விளம்பரத்தில் வராத பகுதி என்னவென்றால், அதில் சேர்க்கப்பட்டவர்கள் எல்லாரும் நோய் கண்டு ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்கள், எடை கூடியவர்கள், இன்சுலின் எடுக்காதவர்கள். மாத்திரையை நிறுத்தியதும் மருத்துவக் கண்காணிப்பில்தான். பதினான்கு ஆண்டு ஆன உங்கள் அப்பாவுக்கு அந்தக் கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

பரிசோதனைக்கூடத்திலிருந்து எழுதியது:

நான் இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் எண்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் 100-க்கும் 130-க்கும் உள்ள சண்டை. இரண்டும் சரி, ஆனால் இரண்டும் வேறு வேறு ஆள்களுக்கு. வெறும் வயிற்றில் 100-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது, நோய் இன்னும் வராதவருக்கு அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2003-இல் வைத்த எல்லை. உலகச் சுகாதார நிறுவனம் அதே எல்லையை 110 என்று வைத்திருக்கிறது. 126-ஐத் தொட்டால் நோய் என்று இருவரும் சொல்கிறார்கள். நோய் ஏற்கெனவே இருந்து மருந்து சாப்பிடுகிறவருக்கு, சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரை, சாப்பிட்ட பிறகு 180-க்குள் என்பது பொதுவான இலக்கு. வயது, வேறு நோய்கள், தாழ்சர்க்கரை (இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குவது) வரும் வாய்ப்பு ஆகியவற்றைப் பார்த்து மருத்துவர் அந்த இலக்கைத் தளர்த்தவும் செய்வார். உங்கள் அப்பா இரண்டாவது வகையினருக்குரிய எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பிரிட்டன் தளங்களைப் படித்தால் இன்னொரு குழப்பம் வரும். அங்கே அலகு வேறு; 7 என்று எழுதியிருப்பது நம் கணக்கில் 126. அந்த எண்ணை 18-ஆல் பெருக்க வேண்டும். எச்பிஏ1சி-யையும் அவர்கள் 53 என்று எழுதுவார்கள். நம் 7 சதவீதம் அதுதான். லண்டனில் இருக்கும் உறவினர் ‘எனக்கு ஃபாஸ்டிங் எட்டு’ என்று சொல்வதைக் கேட்டு இங்கே யாரும் மயங்கி விழ வேண்டாம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 8.4 சதவீதம் என்றால் மூன்று மாதத்தில் இரத்தச் சர்க்கரை சராசரியாக 194 அளவில் இருந்திருக்கிறது என்று பொருள். அப்படியிருக்க நோட்டில் சிவப்பு மை ஏன் அபூர்வமாக இருக்கிறது? பேரேடு எழுதியவருக்குப் புரியும்படி சொன்னால், எச்பிஏ1சி என்பது மூன்று மாத இருப்பு, மெஷின் எண் என்பது ஒரு நாளின் ஒரு வரவு. வரவுகள் எல்லாம் சிறியவையாக இருந்து இருப்பு மட்டும் பெரிதாக இருந்தால், ஏதோ வரவு பதிவாகவில்லை. பெரும்பாலும் அது சாப்பாட்டுக்குப் பிந்தைய எண்ணாக இருக்கும். அவர் எந்த நேரத்தில் பார்க்கிறார் என்று கேளுங்கள். இரண்டாவது சாத்தியம், இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உண்மையைவிட அதிகமாகக் காட்டும். சமீபத்தில் இரத்தம் ஏற்றியிருந்தாலோ சிவப்பணுக்கள் சீக்கிரம் அழியும் நோய் இருந்தாலோ குறைவாகக் காட்டும். ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிட்டால் சந்தேகம் தீரும்.

மெஷினுக்கும் ஒரு வரம்பு உண்டு. சர்வதேசத் தர அளவுகோலின்படியே, 100-க்கு மேலான அளவுகளில் பெரும்பாலான எண்கள் ஆய்வுக்கூட எண்ணைவிட 15 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம். நேற்று 141, இன்று 152 என்பதற்குக் காரணம் தேடி உணவையும் தூக்கத்தையும் ஆராய வேண்டியதில்லை. மாம்பழம் நறுக்கிய கையோடு விரலைக் குத்தினால் மெஷின் மாம்பழத்தையும் சேர்த்து எண்ணும். சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்த பிறகு குத்த வேண்டும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்ததும் மூடிவிட வேண்டும், அடுப்புக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது, காலாவதி தேதியைப் பார்க்க வேண்டும். விரலைக் குத்தாமலே சர்க்கரையைக் காட்டும் என்று விற்கப்படும் கைக்கடிகாரங்களையும் மோதிரங்களையும் வாங்கிவிடாதீர்கள். அப்படிப்பட்ட எந்தக் கருவிக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

மூலிகைத்தோட்டம் எழுதியது:

நான் சித்த மருத்துவம் படித்துத் தொழில் செய்பவன். எங்கள் நூல்கள் மதுமேகம் என்று விரிவாகப் பேசும் நோய் இது. ஆவாரையும் சிறுகுறிஞ்சானும் நாங்கள் அன்றாடம் கையாளும் மூலிகைகள். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியைப் பின்னணி இசையோடு போட்டு, மாத்திரையைத் தூக்கி எறியுங்கள் என்று முடிக்கும் காணொளிகளால் எங்களுக்குத்தான் முதல் கெட்ட பெயர்.

சிறுகுறிஞ்சான் இலையை மென்றுவிட்டுச் சீனியை வாயில் போட்டால் மணலைப் போட்டதுபோல இருக்கும். நாக்கின் இனிப்புணர்வை அந்த இலையிலுள்ள அமிலம் சற்று நேரம் மறைத்துவிடுகிறது. கூட்டத்தின் முன் இதைச் செய்துகாட்டி, ‘பாருங்கள், சர்க்கரையைக் கொன்றுவிட்டது’ என்று பொடி விற்பவர்கள் இருக்கிறார்கள். நாக்கில் நடப்பது வேறு, இரத்தத்தில் நடப்பது வேறு. இரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைக்கும் குணம் இந்த மூலிகைகளுக்கு உண்டு என்பதற்குச் சிறிய ஆய்வுகள் இருக்கின்றன. பதினான்கு ஆண்டு நோய்க்கு அதை மட்டும் நம்பலாம் என்று சொல்லும் அளவுக்கு அவை வலுவானவை அல்ல. குறைக்கும் குணம் உண்டு என்றாலே, ஏற்கெனவே குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அது இரட்டிப்பாகலாம் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

‘வேரோடு நீக்கும்’ பொடியை வாங்க வேண்டாம். சர்க்கரை நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் நோய்ப் பட்டியலில் சர்க்கரை நோய் பெயரோடு இருக்கிறது. அதனால் விளம்பரத்தின் முதல் வரியே அதை விற்பவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடுகிறது. மூலிகை என்று விற்கப்பட்ட பொடிகளில் கிளிபென்கிளமைடு போன்ற ஆங்கில மாத்திரையே கலந்திருந்தது பல நாடுகளில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. சாப்பிட்ட மூன்றாம் நாளே எண் சரசரவென்று இறங்கினால் மகிழ்ச்சியைவிடச் சந்தேகம்தான் முதலில் வர வேண்டும்.

அப்பாவுக்குச் சித்த மருத்துவத்தில் நம்பிக்கை இருந்தால் அதை மறைத்துச் செய்யத் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. தற்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுத்துக்கொண்டு போகட்டும்; எங்களிடம் சொல்வதை அந்த மாத்திரைகளை எழுதிய மருத்துவரிடமும் சொல்லட்டும்.

காவிரிக்கரை மீண்டும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பரிசோதனைக்கூட நண்பர் கேட்டதை அப்பாவிடம் கேட்டேன். அவர் பார்ப்பதெல்லாம் காலையில் பல் துலக்கியதும் எடுக்கும் எண்தான். சாப்பிட்ட பிறகு பார்த்ததே இல்லை. ‘காலை எண் நன்றாக இருந்தால் நாள் முழுக்க நன்றாக இருக்கும்’ என்று இருந்துவிட்டார். மதியச் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கச் சொன்னோம், 246 வந்தது. அவரே சிவப்புப் பேனாவைத் தேடினார்.

நோட்டைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. சில வாரங்களாக ஒரு காணொளியைப் பின்பற்றி, பதினாறு மணி நேர விரதம் இருக்கிறார். இரவு சாப்பாட்டுக்குப் பின் மறுநாள் பதினொரு மணிக்குத்தான் சாப்பிடுகிறார். ஆனால் காலை மாத்திரையை ஏழு மணிக்கே, கஷாயத்தோடு போட்டுக்கொள்கிறார். பத்து மணியளவில் வியர்த்து, கை நடுங்கியதாக ஒருநாள் எழுதியிருக்கிறார். அன்றைய எண் 61. ‘நச்சு வெளியேறும் அறிகுறி’ என்று காணொளியில் சொன்னதாகப் பக்கத்தில் குறிப்பு. இது உணவு சம்பந்தப்பட்டதுதானே, அவராகவே செய்யலாம் என்று செவிலியர் அம்மா சொன்ன வகையில் சேருமா?

ஓய்வுபெற்ற செவிலியர் எழுதியது:

சேராது, அம்மா. கிளிமிபிரைடு சாப்பிடுகிறவருக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்றுவது மாத்திரை டப்பாவில் கைவைப்பதுதான். அந்த மருந்து கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது; வயிற்றில் சோறு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர் ஒருவேளை பட்டினி கிடந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, இன்சுலின் எடுப்பவர்களுக்கு அப்படியல்ல. விரதத்தை இன்றே நிறுத்தி, காலை உணவோடு மாத்திரை எடுக்கட்டும். கஷாயமும் மருத்துவரைப் பார்க்கும்வரை வேண்டாம். விரதம் இருக்கவே கூடாது என்றில்லை. மாத்திரையின் வகையையும் நேரத்தையும் மருத்துவர் மாற்றிக் கொடுத்த பிறகு இருக்கட்டும்.

61 என்பது நச்சு வெளியேறுவதல்ல, தாழ்சர்க்கரை. 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி பார்த்து, ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறிய பிறகு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிட வேண்டும். சாக்லேட் உதவாது, அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதமாக்கும். பேச்சுக் குழறி, விழுங்க முடியாத நிலையில் இருப்பவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். அவருடைய இரத்த அழுத்த மாத்திரையின் பெயர் ‘லால்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். மெட்டோபுரோலால், அடினோலால் போன்றவை நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடும். வியர்வை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். முழு நோட்டையும் நீட்டாதீர்கள். ஐம்பது பேர் காத்திருக்கும்போது எந்த மருத்துவரும் அதைப் படிக்க மாட்டார். ஒரே தாளில், மேலே காலை எண்கள், அவற்றின் கீழே சாப்பிட்ட பிறகான எண்கள், பிறகு ‘இரவு மாத்திரையைச் சில நாள் விட்டேன், விரதம் இருந்தேன், ஆவாரம்பூக் கஷாயம் குடித்தேன், 61 வந்தது’ என்று உள்ளதை உள்ளபடி எழுதட்டும். கேள்விகள் மூன்று போதும்: எனக்கு இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, இந்த மெட்ஃபார்மின் அளவு அதற்குச் சரிதானா? எனக்குத் தாழ்சர்க்கரை வராத வேறு மாத்திரை பொருந்துமா? பி12, ஹீமோகுளோபின், சிறுநீர் அல்புமின் பார்க்கலாமா? ‘இணையத்தில் படித்தேன்’ என்று தொடங்கவே வேண்டாம். தம் உடம்பின் எண்ணிலிருந்து தொடங்கினால் எந்த மருத்துவரும் பதில் சொல்வார். அவர் அப்போதும் முகம் சுளித்தால், அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் தொற்றா நோய்ப் பிரிவுச் செவிலியரிடம் அதே தாளைக் காட்டுங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் ஊழியரிடமும் கேட்கலாம்; சாதாரணச் சந்தேகங்களுக்கு 104 இருக்கிறது.

சோற்றுக்கணக்கு எழுதியது:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஸ்ட்ரிப் விலை கட்டுப்படியாகாது என்று சாப்பிட்ட பிறகு பார்ப்பதைத் தவிர்ப்பவர்கள் நிறைய. தினமும் நாலு முறை பார்க்கத் தேவையில்லை. ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும், இன்னொரு நாள் மதியத்துக்கு, மற்றொரு நாள் இரவுக்கு என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், அதே செலவில் நாள் முழுவதற்குமான படம் கிடைத்துவிடும். தாழ்சர்க்கரை அறிகுறி வந்தால் மட்டும் கணக்குப் பார்க்காமல் உடனே குத்திப் பார்க்க வேண்டும். அதற்கென்று இரண்டு ஸ்ட்ரிப் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும்.